நல்லூர் அரண்மனையும் கோட்டையும் ஒரே நாளில்: வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வருகிற சொந்தங்களுக்கு யாழ்ப்பாணம் சுற்றிக் காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், அதிலும் கூட வருகிறவர்களில் சீனி வருத்தக்காரர் (நீரிழிவு உள்ளவர்) ஒருவர் இருந்தால், வெளிக்கிட முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள். இதில் இருக்கிற ஒரு விஷயத்தையும் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெரியம்மா ஒரு இரவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்திருக்க மாட்டார். நானும் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுட்டெரிக்கும் கோட்டை மதிலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றிருக்க மாட்டேன்.

போன ஆடி மாதம் நடந்தது. கனடாவில் இருந்து அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு எட்டு. அக்காவுக்குக் காணி அலுவலாகக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகவேண்டி இருந்ததால், பிள்ளைகளையும் பெரியம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்படி என்னிடம் சொன்னார். மூத்தவள் வந்த நாளில் இருந்தே “எங்கட ராசாவின்ர அரண்மனை” பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் நோ, சீனிக்குக் காலையில் குளிசை. “பேரப்பிள்ளையளோட நானும் ஒருக்கா எல்லாத்தையும் பாப்பம் பிள்ளை” என்று அவரும் ஆசைப்பட்டார். தெரிந்த ஒருவர் தந்த இலக்கத்தில் வான் பிடித்தேன். முழுநாளுக்கு 14,000 ரூபாய் பேச்சு, அதில் 8,000 முற்பணமாகக் காலையிலேயே வாங்கிக்கொண்டார் சாரதி. அந்த 8,000 கை மாறிய பிறகு நாளின் நேரம் எங்கள் கையில் இல்லை என்பது மத்தியானம்தான் விளங்கியது.

முதலில் நல்லூர் முத்திரைச் சந்தி. குதிரையில் வாளோடு இருக்கிற யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு யமுனா ஏரிக்குப் போனோம். சந்தியில் இருக்கிற பரிசுத்த யாக்கோபு தேவாலயத்துக்குப் பின்பக்கமாக, பகர வடிவில் கல்லால் கட்டிய கேணி அது. சிங்கைப் பரராசசேகரன் காலத்தில் யமுனை நதித் தண்ணீரைக் காவடியில் கொண்டுவந்து இதில் ஊற்றியதாக வழிவழியாகச் சொல்வார்கள். அரச மாளிகைப் பெண்கள் குளித்த இடம் என்றும் சொல்வார்கள். படிக்கட்டில் பாசி, பாதி மூடிய புதர், தண்ணீரில் பிளாஸ்டிக் போத்தல்கள். சின்னவன் ஓடிப்போய் விளிம்பில் நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடிக்காமல் அங்கே விடாதீர்கள், விளிம்புக் கல் பல இடங்களில் ஆடுகிறது.

பிறகு பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு. வீதியோரத்தில் ஒரு வளைவு வாசல், அவ்வளவுதான். மூத்தவள் வாசலுக்குள்ளால் போய், மறுபக்கத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். “சித்தி, அரண்மனை எங்க?” என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் படங்களில் பார்த்திருந்த அரண்மனைகள் வேறு. கோபுரம், தோட்டம், கண்காட்சி மண்டபம், டிக்கெட் கவுண்டர் எல்லாம் இருக்கும். இங்கே வாசல் மட்டும் நிற்கிறது, மாளிகை இல்லை. இந்தக் கேள்வி உங்கள் பிள்ளைகளிடம் இருந்தும் கட்டாயம் வரும், அதற்குப் பதிலை முதல் நாள் இரவே சொல்லி வைத்துவிடுங்கள். இடத்தில் வைத்து வெயிலுக்குள் சொல்லத் தொடங்கினால் பாதியில் பிள்ளைகள் வானுக்குள் ஏறிவிடுவார்கள்.

சொல்ல வேண்டிய கதை அப்படி ஒன்றும் நீளமானது இல்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளுக்குத் தலைநகரமாக இருந்தது நல்லூர். 1450இல் தெற்கில் இருந்த கோட்டை இராச்சியத்து அரசனுக்காகச் சப்புமல் குமாரயா, எங்கள் ஆட்கள் செண்பகப்பெருமாள் என்பார்கள், யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். 1467இல் அவன் தெற்குக்குத் திரும்பிய பிறகு கனகசூரிய சிங்கையாரியன் மீண்டும் அரசைப் பிடித்தான். 1519இல் இருந்து 1561 வரை முதலாம் சங்கிலி. அவன் காலத்தில், 1560இல், கோவாவில் இருந்து போர்த்துக்கேயப் படை வந்து நல்லூரைத் தாக்கியது, ஆனால் நிலைத்து நிற்க முடியவில்லை. 1591இல் திரும்பவும் வந்து அரசனைக் கொன்று தங்களுக்கு வேண்டிய எதிர்மன்னசிங்கனை இருத்தினார்கள். 1619இல் பிலிப் டி ஒலிவேரா கடைசி அரசனான சங்கிலி குமாரனைப் பிடித்து அனுப்ப, கோவாவில் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். 1621இல் ஒலிவேரா நல்லூருக்கு வந்து கந்தசுவாமி கோயிலை இடித்தான். பிறகு ஆட்சியின் மையம் கடலோரத்துக்கு, இன்றைய கோட்டைப் பக்கம் போய்விட்டது. நல்லூர்க் கோயில் கற்கள் கோட்டை கட்டப் போயின என்று எங்கள் வீடுகளில் தலைமுறையாகச் சொல்வார்கள். அரண்மனை ஏன் இல்லை என்ற பிள்ளையின் கேள்விக்குப் பதில் கோட்டையில் இருக்கிறது. அதனால்தான் நல்லூரை முதலும் கோட்டையைப் பிறகும் பார்க்க வேண்டும் என்கிறேன், மாறிப் போனால் கதை குழம்பும்.

ஒன்றை நேர்மையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இப்போது நிற்கிற வளைவு வாசலும் கிட்டவே இருக்கிற மந்திரிமனையும் அப்படியே அரசர் காலத்துக் கட்டடங்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பியர் வந்த பிறகு வந்த கட்டட முறை அவற்றில் தெரிகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்வது. இடம் அரசருடையது, கட்டடம் பிறகு மாறியிருக்கலாம். மூத்தவள் இதை ஏமாற்றமாக எடுக்கவில்லை, உண்மையைச் சொன்னதற்காக இன்னும் கூடக் கேள்வி கேட்டாள். மந்திரிமனையில் எனக்குப் பிடித்தது முன்வாசல் மரத் தூண்கள்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் தூண் தலையில் இதழ் இதழாகச் செதுக்கியிருப்பது தெரியும், கை வைத்தால் வழுவழுப்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பக்கத்துச் சுவரிலேயே ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். பார்க்கக் கோபமாக வந்தது. வெடித்த சுவர், உக்கிய மரம், ஆகவே உள்ளே ஆழமாகப் போகாமல் வெளியில் நின்று பாருங்கள், மாடிப் பக்கம் பிள்ளைகளை ஏற விடவே வேண்டாம்.

இந்த இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்டத்தான். நடக்கக் கூடியவர்கள் காலையில் ஏழு மணிக்கே வெளிக்கிட்டு நடந்தே பார்த்துவிடலாம், வானே தேவையில்லை. நகரைக் காத்து நின்றதாகச் சொல்கிற நான்கு கோயில்களையும், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர் என்று சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால், பழைய தலைநகரம் எவ்வளவு பெரிது என்று கால்களுக்கே விளங்கும். பெரியம்மா எங்களுக்குச் சொன்ன ஒரு செய்தியும் இதில் சேர வேண்டும். இப்போதிருக்கிற கந்தசுவாமி கோயில் 1734இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது. அங்கே இன்றைக்கும் கட்டியம் சொல்லும்போது புவனேகபாகு என்ற பெயர் வருகிறது. படையெடுத்து வந்த செண்பகப்பெருமாளின் அரச பெயர் அது. “ஆண்டவன் ஆரெண்டாலும் கோயிலுக்குச் செய்ததை மறக்கேல்லை” என்றார் பெரியம்மா. பிள்ளைகள் அதை வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அங்கிருந்து நாவலர் வீதித் தொல்பொருள் அருங்காட்சியகம். சின்னக் கட்டடம், ஒரு மணித்தியாலம் தாராளமாகப் போதும். வாசலில் துருப்பிடித்த ஒல்லாந்தப் பீரங்கிகள், திமிங்கில எலும்புகள், உள்ளே கந்தரோடைப் புத்தர் சிலைத் துண்டுகள், பல்லக்கு, ஏழு வாய் கொண்ட மண் பானை. சின்னவனுக்கு எலும்பும் பீரங்கியும் போதுமாக இருந்தது. மத்தியான வெயிலுக்கு இந்த மாதிரி நிழலான இடத்தை வைத்துக்கொள்வதுதான் புத்தி, என் திட்டமும் அதுதான். பத்தரைக்கு அருங்காட்சியகம், பன்னிரண்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு, ஒரு குட்டித் தூக்கம், நாலரைக்குக் கோட்டை, பொழுதுபட பழைய பூங்கா. இதைக் காலையிலேயே சாரதிக்குச் சொல்லி, அவரும் ஓம் என்று தலையாட்டியிருந்தார்.

அருங்காட்சியகத்தால் வெளியே வந்தபோது அவருடைய பேச்சு மாறியிருந்தது. “அக்கா, கோட்டையையும் இப்பவே பாத்து முடிப்பம். பின்னேரம் அங்க சனம் கூட. ஒரு அரை மணித்தியாலம்தானே, பிறகு நேரா வீட்ட விடுறன்.” நான் வேண்டாம் என்றேன், பெரியம்மா சாப்பிட வேண்டும் என்றேன். அவர் வாகனத்தை எடுத்துக் கோட்டைப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் திரும்பப் பேசினார். பெரியம்மாவும் “பறவாயில்லை பிள்ளை, பசியில்லை” என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்கள் யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று பசியையும் சொல்ல மாட்டார்கள், நோவையும் சொல்ல மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த “பறவாயில்லை”யை நம்பக்கூடாது.

சாப்பாட்டுப் பாசலும் குளிசைப் பையும் வானுக்குள் இருந்தன. அரை மணித்தியாலம் என்றபடியால் தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். நாங்கள் அகழிப் பாலத்தைத் தாண்டி வாசல் வளைவுக்குள் போகும்போது வான் திரும்பிப் போவதைச் சின்னவன் பார்த்துச் சொன்னான். நிழலில் நிற்பாட்டப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் இன்னொரு ஹயருக்குப் போய்விட்டார், கலியாண வீட்டுக்காரரை ஏற்றி இறக்க.

கோட்டையைப் பற்றி இரண்டு சொல். போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் பெருப்பித்துக் கட்டியது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நுழைகிற இடத்தில் தோண்டியெடுத்த பொருட்களையும் விளக்கப் படங்களையும் சின்னக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அதைப் போகும்போதே பாருங்கள், திரும்பும்போது யாருக்கும் தெம்பிருக்காது. உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவ ஒல்லாந்தத் தேவாலயம் இருந்தது. 1990இல் சண்டையில் நொறுங்கிப் போனது, இப்போது கற்குவியல். யுத்தத்துக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு மதில்களைத் திருத்தியிருக்கிறார்கள். மதில் முருகைக்கல். கிட்டப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பியும் பூப்போன்ற பவளக் கண்களும் தெரியும். அழகு, மறுக்கவில்லை, ஆனால் மத்தியானத்தில் அந்தக் கல் வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கிறது. மதில் மேலே மருந்துக்கும் நிழல் இல்லை.

இன்னொரு விஷயம் சோளகக் காற்று. ஆடியில் கடல் பக்கமிருந்து அது பலமாக வீசும், உடம்புக்குச் சுகமாக இருக்கும், வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். அதனால் உடம்பில் தண்ணீர் வற்றுவது தெரியவே தெரியாது. மதில் மேல் ஏறிப் பண்ணைக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்னவன் பீரங்கி இருந்த இடத்தில் ஏறப் போக, பெரியம்மா அவனைக் கடுமையாக ஏசினார். பேரப்பிள்ளையை ஒருநாளும் அப்படி ஏசாதவர். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தட்டியது அப்போதுதான். திரும்பிப் பார்த்தால் குடையை மடக்க முடியாமல் அதன் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார். விரல் பொத்தானைத் தொட்டுத் தொட்டு வழுக்கிப் போகிறது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. அந்தக் காற்றுக்குள்ளும் முதுகுப்பக்கம் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை வைத்தால் சில்லென்றிருந்தது. “என்ன பெரியம்மா, தலை சுத்துதோ?” என்றேன். “நான் வீட்ட போறன்” என்றார், எதிர்ப்பக்கம் கடலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். இழுத்துப் பிடித்து நிலத்தில் இருத்தினேன்.

இந்த அறிகுறிகளைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், குழப்பமான பேச்சு, நடை தள்ளாட்டம். சீனிக்குக் குளிசையோ ஊசியோ போடுகிறவருக்குச் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி இறங்கலாம், 70க்குக் கீழே போனால் ஆபத்து. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வெயில் களைப்பாகத்தான் தெரியும், தண்ணீர் கொடுத்து விசிறுவார்கள், அது போதாது. உடனே இனிப்புத்தான் வேண்டும், மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் அல்லது அரை கிளாசுக்குக் கொஞ்சம் கூடச் சாதாரண சோடா, டயட் சோடா உதவாது. பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் அதே அளவு திரும்பவும். தெளிந்த பிறகு பிஸ்கட், பாண், சோறு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும், சரித்துப் படுக்கவைத்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

இதில் பாதி எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது, ஆனால் என் கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான். சாரதிக்கு எடுத்தேன், மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன், போன் நிற்பாட்டியிருந்தது. மூத்தவள் அழத் தொடங்கிவிட்டாள், சின்னவன் என் சட்டை நுனியைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் நின்றான். எனக்குக் கை நடுங்கியது. பெரியம்மாவுக்கு ஏதும் நடந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பது ஒன்றே மண்டைக்குள் ஓடியது. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வெளிக் கடைக்கு ஓடவும் முடியாது, பெரியம்மாவை விடவும் முடியாது. தெற்கில் இருந்து பஸ்ஸில் சுற்றுலா வந்த ஒரு சிங்களக் குடும்பம் மதிலின் அடுத்த மூலையில் நின்றது. மூத்தவளை அனுப்பினேன். அவள் ஆங்கிலத்தில் என்ன சொன்னாளோ, அந்தத் தாய் ஒரு சிவப்புச் சோடாப் போத்தலோடு ஓடியே வந்தார். பெரியம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அவரே பருக்கினார். தகப்பன் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வரை அவர்கள் அசையவில்லை. பெயர் கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன், நன்றி மட்டும் சொல்ல முடிந்தது.

சோடா கொடுத்துக்கொண்டிருக்கும்போதே 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தேன். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018இல் இருந்து வடக்கிலும் இருக்கிறது, முழுக்க இலவசம். எங்கள் ஆட்களில் பலர் இன்னும் இதை நினைக்காமல் ஓட்டோ தேடித் திரிகிறார்கள். எடுத்தால் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோட்டை என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த வாசல், மதில் மேலா கீழா, ஆள் நடக்கக் கூடியவரா என்று கேட்பார்கள். ஒருவரை வாசலுக்கு அனுப்பி வைத்தால் நேரம் மிச்சம். எங்களுக்கு அந்தத் தகப்பனே வாசலுக்குப் போய் நின்று அழைத்து வந்தார். வந்தவர்கள் குத்திப் பார்த்தபோது, சோடா உள்ளே போன பிறகும் 58 காட்டியது.

பெரியாஸ்பத்திரி கிட்டத்தான், சில நிமிடத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கே முதல் கேள்வி கிளினிக் கொப்பி எங்கே, என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குப் போட்டது. எல்லாம் வானுக்குள். மஞ்சள் பெட்டியில் வருகிற வெள்ளைக் குளிசை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அக்கா கச்சேரியில் இருந்து ஓடிவந்து, வீட்டில் அலுமாரிக்குள் இருந்த பழைய மருந்துத் துண்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் மருந்தின் பெயர் தெரிந்தது. நீண்ட நேரம் வேலை செய்கிற வகை என்பதால் சீனி திரும்பவும் இறங்கலாம், இரவு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். வார்ட் ஓடையில் உட்கார்ந்துதான் நான் அழுதேன், அதுவரை அழுகை வரவில்லை. ஆகவே கொப்பியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் குளிசை அட்டையின் பின்பக்கத்தையும் இப்பவே உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள், வீட்டில் இன்னும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கைப்பையில் நாலு சீனிப் பைக்கட் அல்லது ஒரு பனங்கட்டிக் குட்டான், ஒரு பிஸ்கட் பைக்கட். வாகனத்தில் வேண்டாம், உங்கள் தோளில்.

சாரதி பின்னேரம் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டு ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. பேசின காசில் மிச்சம் 6,000 தரவேண்டும், நாள் முழுக்க வாகனம் எங்களுக்குத்தானே என்றார். பை அவருடைய வானுக்குள். அக்கா பேச வேண்டாம் என்று சொல்லிக் காசைக் கொடுத்துப் பையை வாங்கினார். 14,000 ரூபாயும் போனது, ஓட்டோவுக்கும் வெளியில் வாங்கின சாப்பாட்டுக்கும் இன்னும் மூவாயிரத்துக்குக் கிட்ட. காசு போகட்டும், அடுத்த நாள் நயினாதீவு போவதாக இருந்தது, அது நடக்கவில்லை. பேரப்பிள்ளைகளோடு நாகபூசணி அம்மனைக் கும்பிட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு அந்தச் சந்தர்ப்பம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வான் பேசும்போது என்ன செய்யலாம் என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். முற்பணம் டீசலுக்கு அளவாக, மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். போகிற இடம், நேரம், சாப்பாட்டு நேரம், “வாகனம் எங்களோடு நிற்க வேண்டும், இடையில் வேறு ஹயர் இல்லை” என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவரிடம் ஓம் என்று பதில் வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வாகன இலக்கத்தைப் படம் எடுங்கள், இரண்டாவது தொலைபேசி இலக்கம் ஒன்று கேளுங்கள். உண்மையில் ரவுணுக்குள் சுற்றுவதற்கு முழுநாள் வான் தேவையே இல்லை. மீற்றர் ஓட்டோவில் இடத்துக்கு இடம் போனால் காசும் குறைவு, யாருடைய அவசரத்துக்கும் நீங்கள் ஆட வேண்டியதும் இல்லை. ஐந்து பேருக்கு மேல் என்றால் மட்டும் வான்.

பெரியம்மா தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகு, பிள்ளைகள் பயணப்பட முதல், கோட்டைக்கு ஒரு பின்னேரம் திரும்பவும் கூட்டிக்கொண்டு போனேன். நாலரைக்கு உள்ளே போனால் மதில் நிழல் நீளமாக விழுந்திருக்கும், கல் சுடாது. மூத்தவள் முருகைக்கல்லில் கை வைத்து, இதில் எது நல்லூரில் இருந்து வந்தது என்று ஒவ்வொரு கல்லாகத் தேடினாள். அங்கே மூடும் நேரத்தைப் போகும்போதே வாசலில் கேட்டு வையுங்கள், நுழைவுக் கட்டணத்தையும் முதலே விசாரியுங்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கணக்கு வேறு. கழிப்பறைக்கு வீட்டில் அல்லது அருங்காட்சியகப் பக்கத்தில் போய்விட்டு வருவது நல்லது, முழங்கால் நோ உள்ளவர்களுக்கு மதில் சரிவு ஏறுவதே பெரும்பாடு, அவர்கள் கீழே மர நிழலில் இருந்தால் போதும், கடல் மேலே மட்டும்தான் தெரியும் என்பதில்லை, பண்ணைப் பாலத்துப் பக்கம் வாகனத்தில் இருந்தே பார்க்கலாம்.

தோட்டம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு அரண்மனைத் தோட்டத்துக்குப் பதிலாக இருப்பது பழைய பூங்காதான். 1829இல் இருந்து 1867 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக் தன் வாசஸ்தலத்தைச் சுற்றி உண்டாக்கிய தோப்பு அது. கட்டடம் சண்டையில் சிதைந்துவிட்டது, மரங்கள் நிற்கின்றன. வயதானவர்களுக்கு நாளின் கடைசி இடமாக அதைத்தான் வைக்க வேண்டும், இருக்க இடமும் நிழலும் இருக்கிறது, பிள்ளைகள் ஓடித் திரியலாம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில், அந்த இருபத்தைந்து நாளும், கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விட மாட்டார்கள். அந்தச் சமயம் முத்திரைச் சந்திப் பக்கத்தையும் தோப்பையும் பார்க்க வேண்டும் என்றால் விடியற்காலையில் நடந்துதான். மார்கழியில் மாமா குடும்பம் லண்டனில் இருந்து வருகிறது, அது மழைக்காலம். யமுனா ஏரிப் படியும் கோட்டைச் சரிவும் வழுக்கும், மந்திரிமனைச் சுவர்கள் மழையில் ஊறி நிற்கும், கிட்டப் போகக்கூடாது. பெரியம்மாவுக்கு வைத்தியர் குளிசையை மாற்றித் தந்திருக்கிறார், மாமாவோடு நயினாதீவுக்குப் போவதாக இப்பவே நாள் பார்த்து வைத்திருக்கிறார். படகுத்துறைக்கு ஓட்டோவில்தான் போகிறோம், சாப்பாட்டுப் பாசல் என் மடியில் இருக்கும்.